வந்த படை ஏன் திரும்பிப் போவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகப் பன்னாட்டு உறவுகள் சொல்லித் தருகிறேன். வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதில்லை, முடிந்து கீழே டீக்கடைக்கு வந்ததும்தான் கேள்விகள் ஆரம்பிக்கும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா ஏன் 20 வருடம் இருந்தது, சோமாலியாவில் உகாண்டாக்காரர்களுக்கு என்ன வேலை, மாலியில் இருந்து பிரான்சை ஏன் போகச் சொன்னார்கள் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, இலங்கையில் நம்ம படை என்ன செய்தது அண்ணா என்று கேட்பார்கள். ஒவ்வொரு பேட்சிலும் இதே கேள்விகள் வருவதால் என் பதில்களை எழுதி வைக்கிறேன். இது விடைக்குறிப்பு இல்லை, எனக்குச் சரி என்று படுவதை நேராகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில், அன்னியப் படை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

தாங்களாகவே எல்லை தாண்டி வருகிறவர்கள் உண்டு, அந்த நாட்டு அரசு கூப்பிட்டு வருகிறவர்கள் உண்டு, ஐ.நா. அல்லது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பெயரில் வருகிறவர்கள் உண்டு. புத்தகத்தில் இப்படிப் பிரித்துப் படித்துவிடலாம், தரையில் எல்லாம் கலந்துதான் கிடக்கும். அமெரிக்கப் படை 2001 அக்டோபர் 7 அன்று தற்காப்பு என்று சொல்லி ஆப்கானிஸ்தானில் குண்டு போட ஆரம்பித்தது. அதே டிசம்பரில் காபூலையும் சுற்றுவட்டாரத்தையும் பாதுகாக்க ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1386-ம் தீர்மானத்தின்படி ஒரு பன்னாட்டுப் படை உருவானது, 2003 ஆகஸ்டில் அதன் தலைமையை நேட்டோ எடுத்துக்கொண்டது, 2014 செப்டம்பரில் காபூல் அரசே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இருங்கள் என்றது. காகிதத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது. காபூலுக்கு வடக்கே பக்ராமில் இருந்த அமெரிக்க விமானத் தள முகாமை வெளியே இருந்து பார்த்த ஒரு விவசாயிக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது, அவருக்கு அது ஒரே படை.

அப்புறம் இன்னொன்று. அன்னியப் படை என்றாலே வெள்ளைக்காரர் முகம்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் பக்கம் போகிறவர்கள் அங்கே செதுக்கியிருப்பதை ஒருமுறை நின்று வாசியுங்கள், மெசபடோமியா, பாரசீகம், மூன்றாம் ஆப்கன் போர் எல்லாம் இருக்கும். 1920-ல் இராக் மக்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது அதை அடக்க இங்கிருந்து கப்பல் கப்பலாக இந்தியச் சிப்பாய்களைத்தான் கொண்டுபோனார்கள். அந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அன்னியப் படை நம்ம தாத்தாக்கள்தான்.

வந்த காரணம் முடிந்த பிறகும் ஏன் இருக்கிறார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. என் பதில் இது: ஒரு படை வருவதற்கு ஒரு காரணம் இருக்கும், அங்கேயே இருப்பதற்கு வேறு காரணம் இருக்கும், இரண்டாவதை யாரும் வெளிப்படையாக முடிவு செய்வதில்லை.

ஆப்கானிஸ்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். அல் கொய்தாவின் முகாம்களை அழிப்பது, அதற்கு இடம் கொடுத்த தாலிபான் ஆட்சியை அகற்றுவது, இவ்வளவுதான் முதல் நோக்கம். இரண்டும் சில மாதங்களில் பெருமளவு முடிந்துவிட்டன. ஒசாமா பின் லேடனை 2011 மே மாதம் கொன்றார்கள், அதுவும் பாகிஸ்தானில், அபோட்டாபாத்தில். அதற்குப் பிறகும் பத்து வருடம் படை இருந்தது. நடுவில் காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. தேர்தல் நடத்த வேண்டும், சாலை போட வேண்டும், பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், ஆப்கன் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இவை பொய்க் காரணங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிக்குப் போனது உண்மை, இன்று ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருப்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு புதிய காரணமும் முந்தையதை விடப் பெரியது, முடிவு தேதி இல்லாதது.

அதற்கு அடியில் இருந்தது ஒரே பயம். நாளைக்கு நாம் கிளம்பினால் நாளை மறுநாள் என்ன ஆகும்? அரசு விழுந்துவிட்டால் பழி எந்த அதிபர் தலையில் விழும்? ஒபாமா 2009 டிசம்பரில் கூடுதலாக 30,000 பேரை அனுப்புகிறேன் என்று அறிவித்த அதே பேச்சில், 2011 ஜூலையில் திரும்ப அழைக்க ஆரம்பிப்பேன் என்றும் சொன்னார். அனுப்பவும் பயம், இருக்கவும் பயம், திரும்பவும் பயம். புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று நாலு அதிபர்கள் அந்தப் பயத்தோடு ஆண்டார்கள், முதல் மூவரும் அதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. படை இருக்க இருக்க அந்த நாட்டு அரசு அதன் மேலேயே சாய்ந்து வளர்கிறது. கடைசி வருடங்களில் ஆப்கன் அரசின் செலவில் ஏறத்தாழ 75 சதவீதம் வெளிநாட்டு உதவிப் பணம். வரி வாங்காத அரசுக்கு மக்களிடம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பணம் கொடுக்கிறவனிடம் சொன்னால் போதும். மக்கள் விலக விலக அரசு பலவீனமாகிறது, அரசு பலவீனமாக இருப்பதால் படை போக முடியாது என்கிறார்கள். கொழுகொம்பைப் பிடுங்கினால் கொடி விழும் என்று வருடக்கணக்கில் பிடுங்காமலே இருந்தால் கொடிக்குத் தண்டு எப்படி வரும்?

உள்ளூர் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகலாமே?

கொடுத்தார்கள். கணக்கில் மூன்று லட்சம் ஆப்கன் ராணுவத்தினரும் போலீசும் இருந்தார்கள். அதில் எத்தனை பேர் உண்மையில் துப்பாக்கியோடு நின்றார்கள் என்பதில்தான் சிக்கல். பெயர் பதிவேட்டில் இருக்கும், சம்பளம் மேலதிகாரி பாக்கெட்டுக்குப் போகும், ஆள் இருக்க மாட்டான். ‘பேய் சிப்பாய்கள்’ என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. அமெரிக்க அரசு தானே நியமித்த தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன.

இன்னொரு விஷயம் ஹெலிகாப்டர். ஆப்கன் விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 அத்துப்படி. அதை எடுத்துவிட்டு அமெரிக்க பிளாக் ஹாக் கொடுத்தார்கள், அதைப் பழுது பார்க்க வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள் வேண்டும். 2021-ல் படையோடு சேர்ந்து அந்த ஆட்களும் கிளம்பிப் போனார்கள். மலை நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு செக்போஸ்ட்டுக்குத் தோட்டாவும் சோறும் வானத்தில் இருந்துதான் வர வேண்டும், அது வரவில்லை என்றால் அங்கே இருக்கிற பதினைந்து பேர் யாருக்காகச் சண்டை போடுவார்கள்? அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த இருபது வருடத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 2,400 பேர், ஆப்கன் ராணுவத்திலும் போலீசிலும் இறந்தவர்கள் பல்லாயிரக்கணக்கானவர்கள்.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டபோது காபூல் அரசு அந்த மேசையில் இல்லை. நம்மைக் கேட்காமலே நம் நாட்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அந்த நாட்டு சிப்பாய்க்குப் புரியாதா? 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. அன்று மாலை நான் லஜ்பத் நகரில் ஆப்கன் ரொட்டிக் கடைகள் இருக்கும் தெருவில் இருந்தேன். சிகிச்சைக்காக வந்த குடும்பங்களும் அவர்களுக்கு மொழிபெயர்க்கும் இளைஞர்களும் எப்போதும் சத்தமாக நிற்கும் இடம் அது. அன்று எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள், யாரும் பேசவில்லை. எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

சோவியத் படை போன பிறகு மட்டும் அரசு உடனே விழவில்லையே?

நல்ல கேள்வி, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1979 டிசம்பரில் வந்த சோவியத் படை 1989 பிப்ரவரி 15 அன்று அமு தரியா பாலத்தைக் கடந்து வெளியேறியது. அது விட்டுப்போன ஆப்கன் அதிபர் நஜிபுல்லா சில மாதங்களில் விழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் கணித்தார்கள், அவர் 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். மாஸ்கோவில் இருந்து பணம், எண்ணெய், ஆயுதம், தானியம் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். சோவியத் யூனியனே இல்லாமல் போய் அது நின்ற சில மாதங்களில் அவர் ஆட்சியும் முடிந்தது. ஆள் போனதால் விழவில்லை, படியளப்பது நின்றதால் விழுந்தது. அவர் காபூலில் ஐ.நா. வளாகத்திலேயே நாலு வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்தார், 1996 செப்டம்பரில் தாலிபான் அங்கே புகுந்து அவரைக் கொன்றது. அவருடைய மனைவியும் மகள்களும் அந்த வருடங்களில் இந்த டெல்லியில்தான் இருந்தார்கள்.

அந்த நாட்டு அரசே கேட்டுக்கொண்டால் அது சரிதானே?

சட்டப்படி சரி. ஆனால் கேட்டது யார், எந்த நிலையில் இருந்து கேட்டார் என்றும் பார்க்க வேண்டும். தலைநகரைத் தாண்டிப் போக முடியாத ஒரு அதிபர், தன் உயிருக்கே அந்தப் படையை நம்பியிருப்பவர், போகாதீர்கள் என்று சொன்னால் அதை ஒரு நாட்டின் சம்மதம் என்று முழுதாக எடுத்துக்கொள்ள முடியுமா?

சம்மதம் மாறவும் செய்யும். 2013 ஜனவரியில், வடக்கைப் பிடித்திருந்த இஸ்லாமியத் தீவிரவாதக் கிளர்ச்சிக்காரர்களை விரட்ட மாலி அரசு பிரான்சைக் கூப்பிட்டது, பிரெஞ்சுப் படை திம்புக்து நகருக்குள் நுழைந்தபோது மக்கள் பிரெஞ்சுக் கொடியை ஆட்டி வரவேற்றார்கள். 2020-லும் 2021-லும் அங்கே ராணுவப் புரட்சி நடந்தது, புதிய ஆட்சியாளர்கள் ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையை அழைத்தார்கள், 2022 ஆகஸ்டில் கடைசி பிரெஞ்சுச் சிப்பாய் வெளியேறினான். ஒன்பதரை வருடம். கிளர்ச்சி அந்த வருடங்களில் வடக்கில் இருந்து நடு மாலிக்கும் பக்கத்து புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் பரவியிருந்தது. அன்று கொடி ஆட்டிய அதே நாட்டில்தான் பிரெஞ்சுக் கொடியை எரித்தார்கள்.

இராக்கில் வேறு மாதிரி. 2008-ல் போட்ட ஒப்பந்தப்படி 2011 முடிவுக்குள் அமெரிக்கப் படை கிளம்ப வேண்டும். சில ஆயிரம் பேரை வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு நடந்தது, எங்கள் சிப்பாய் மேல் உங்கள் நீதிமன்றம் வழக்குப் போடக்கூடாது என்ற நிபந்தனையில் அது முறிந்தது. பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் 2007-ல் ஒரு அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் 17 பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற ஞாபகம் போகாத நாட்டில், எந்த நாடாளுமன்றம் அந்த நிபந்தனைக்குக் கை தூக்கும்? படை போனது. 2014 ஜூனில் மோசுல் ஐ.எஸ். கையில் விழுந்தது, அதே அரசு திரும்பவும் கூப்பிட்டது. 2020 ஜனவரியில் அதே நாடாளுமன்றம் எல்லா அன்னியப் படையும் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் சுமார் 2,500 அமெரிக்க வீரர்கள் அங்கே இருந்தார்கள்.

எல்லாம் எண்ணெய்க்கும் கனிமத்துக்கும்தான் என்கிறார்களே?

ஓரளவு. நைஜரின் யுரேனியம் பல பத்தாண்டுகளாக பிரான்சின் அணு உலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு சாஹேலில், அதாவது சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே மாலி, நைஜர் இருக்கும் பகுதியில், பிரான்சின் கொள்கையைப் பேச முடியாது. ஆனால் ஆப்கானிஸ்தானின் பெரிய செப்புச் சுரங்கமான மெஸ் அய்னாக் ஒப்பந்தம், அமெரிக்கப் படை முழுதாக இருந்த காலத்தில், சீன நிறுவனத்துக்குத்தான் போனது. ஆகவே எல்லாவற்றையும் இந்த ஒரு சாவியால் திறக்க முடியாது.

நான் பார்க்கச் சொல்வது போரே ஒரு பிழைப்பாக மாறிவிடுவதை. ஆப்கானிஸ்தானில் பல வருடங்கள் அமெரிக்கச் சிப்பாய்களை விட ஒப்பந்த ஆட்கள் அதிகம் இருந்தார்கள், சமையலில் இருந்து லாரி வரை. சோமாலியாவில் அது வேறு வடிவம். அங்கே போன ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் மாதம் சுமார் 1,000 டாலர் படி கொடுத்தது, தன் நாட்டில் வாங்கும் சம்பளத்தைப் போல அது பல மடங்கு. புருண்டி, உகாண்டா மாதிரி நாடுகளுக்குப் படையைத் திரும்ப அழைப்பது வருமானத்தை இழப்பதாக இருந்தது. ஒரு வீட்டைக் கட்ட, ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க அந்தப் பணத்துக்காகப் போன சிப்பாயை நான் குறை சொல்ல மாட்டேன். கல்ஃபுக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம், நமக்கு அது புரியும்.

படை இருப்பதே கிளர்ச்சியை வளர்க்கிறதா?

பல இடங்களில் ஆமாம். 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் வந்து மொகாதிஷுவைப் பிடித்தது. அதுவரை சிறு இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவாக இருந்த அல் ஷபாப், அன்னியனை எதிர்க்கிறோம் என்ற ஒரே வார்த்தையில் பெரிய இயக்கமாகிவிட்டது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறியபோது அல் ஷபாப் முன்பை விட வலுவாக இருந்தது. ஆப்கானிஸ்தானில் நள்ளிரவில் வீடு புகுந்து சோதனை போடுவார்கள், பெண்கள் இருக்கும் அறைக்குள் பூட்ஸ் காலோடு போவார்கள். அந்த வீட்டுப் பையன் மறுநாள் எந்தப் பக்கம் போவான் என்று யோசிக்க ராணுவப் படிப்பு தேவையில்லை. 2015 அக்டோபர் 3 அன்று குந்தூஸில் ஒரு மருத்துவமனை மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டு 42 பேர் இறந்தார்கள். தவறுதலாக நடந்தது என்றார்கள். இறந்தவர் வீட்டுக்கு அந்த வார்த்தையால் என்ன பயன்?

இலங்கைக்குப் போன நம் படை?

இதற்குப் பதில் சொல்லாமல் மற்ற நாடுகளைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மை இல்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கும் படை என்ற பெயரில் நம் ராணுவம் போனது. முதல் வாரங்களில் யாழ்ப்பாணத்தில் மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். எங்கள் அடுக்ககத்தில் வேலூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அந்தப் படையில் சிப்பாயாகப் போனவர். தமிழ் பேசுகிற சிப்பாய் என்று தெரிந்து வீட்டுக்குள் கூப்பிட்டு சோறு போட்ட ஒரு அம்மாவைப் பற்றி இன்றும் சொல்வார். அக்டோபருக்குப் பிறகு அந்தத் தெருவுக்கே போக முடியவில்லை என்பார், அதற்கு மேல் பேச மாட்டார்.

செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலித் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10 அன்று நம் படைக்கும் புலிகளுக்கும் போர் ஆரம்பித்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கப் போன படை, வந்த 75 நாட்களுக்குள் ஒரு பக்கமாகவே ஆகிவிட்டது. அக்டோபர் 21, தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நம் சிப்பாய்கள் புகுந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குந்தூஸைப் பற்றிக் கோபப்படுகிற நாம் இதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் நம் படை பொதுமக்களைக் கொன்றதையும்.

ஏன் உடனே திரும்பவில்லை? மற்ற இடங்களில் சொன்ன அதே காரணங்கள்தான். சில நாட்களில் முடித்துவிடலாம் என்று நினைத்தது மாதமாகி வருடமானது. இத்தனை பேர் இறந்த பிறகு வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம், கிட்டத்தட்ட 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அப்புறம் வடகிழக்கு மாகாண அரசு. 1988-ல் தேர்தல் நடத்தி வரதராஜப் பெருமாளை முதலமைச்சராக்கினார்கள், அந்த அரசுக்கு நம் படையைத் தவிர வேறு தூண் இல்லை. நாம் போனபின் அதைக் காக்கத் தமிழ் தேசிய ராணுவம் என்று ஒன்றை உருவாக்கினார்கள், அதற்கு ஆள் வேண்டும் என்று டியூஷனுக்குப் போன பையன்களைத் தெருவில் மறித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம் படை விலக விலகப் புலிகள் அந்தப் பிள்ளைகளைச் சில வாரங்களில் நொறுக்கிவிட்டார்கள். மூன்று லட்சம் பேர் கொண்ட ஆப்கன் ராணுவத்தின் கதையை 2021-ல் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தபோது எனக்கு இந்தப் பையன்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

தெற்கே இன்னொன்று நடந்தது. இந்தியப் படை மண்ணில் நிற்கிறது என்ற கோபத்தை ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி பயன்படுத்திக்கொண்டு சிங்கள இளைஞர்களைத் திரட்டியது, அந்தக் கிளர்ச்சியை அடக்கியதில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். ஒரு கிளர்ச்சியை முடிக்கப் போய் இன்னொன்றுக்கு எண்ணெய் ஊற்றியது போல் ஆனது. 1989-ல் அதிபரான பிரேமதாசா, ஜூலை 29-க்குள் கிளம்புங்கள் என்று கெடு வைத்தார், நம்மோடு போரிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கு அவர் அரசே ஆயுதம் கொடுத்தது. கூப்பிட்ட அரசும் போகச் சொல்கிறது, காப்பாற்றப் போன மக்களும் போகச் சொல்கிறார்கள், அப்படியும் கடைசிக் கப்பல் திருகோணமலையில் இருந்து கிளம்ப 1990 மார்ச் 24 ஆனது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்த முடிவின் காரணம் எனக்குப் புரிகிறது. அந்தக் கப்பலில் இருந்து இறங்கிய எங்கள் வேலூர் பெரியவரின் மனசும் எனக்குப் புரிகிறது, அனுப்பியது அவர் இல்லையே. ஜூனில் அங்கே மறுபடி போர் ஆரம்பித்தது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர்.

நல்லபடியாக முடிந்த இடமே இல்லையா?

உண்டு. சியரா லியோனில் 2000-ல் பிரிட்டிஷ் படை சிறு எண்ணிக்கையில் வந்தது, ஐ.நா. படை ஏற்கெனவே அங்கே இருந்தது, அதில் நம் வீரர்களும் இருந்தார்கள். கைலாஹுனில் இரண்டு மாதத்துக்கும் மேல் கிளர்ச்சிக்காரர்கள் சூழ்ந்து வைத்திருந்த நம் கூர்க்கா வீரர்களை ஜூலையில் மீட்டார்கள். 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்கு மக்களிடம் ஆதரவே இல்லை, குழந்தைகளின் கையை வெட்டியவர்கள் அவர்கள். வைரக் கடத்தல் வழியை அடைத்ததும் அவர்களுக்குப் பணம் நின்றது.

மலாயாவைப் பலர் உதாரணம் காட்டுவார்கள், 1948 முதல் 1960 வரை பிரிட்டிஷார் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கியது. ராணுவத் திறமை என்று புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1957-ல் சுதந்திரம் கொடுத்துவிட்டார்கள், யாரை எதிர்த்துக் காட்டில் இருக்கிறோம் என்ற கேள்விக்குக் கிளர்ச்சிக்காரர்களிடம் பதில் இல்லாமல் போனது. அதற்கு விலையும் இருந்தது, லட்சக்கணக்கான மக்களைக் கம்பி வேலி போட்ட புதுக் கிராமங்களில் அடைத்தார்கள், தஞ்சை மண்ணில் இருந்து போன தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள்.

நம் படையே வங்கதேசப் போர் முடிந்த 1971 டிசம்பர் 16-க்குப் பிறகு மூன்று மாதத்தில், 1972 மார்ச்சில், டாக்காவில் இருந்து கிளம்பி வந்தது. போனது எதற்கு என்று தெரிந்து போனது, முடிந்ததும் வந்தது.

அப்படியானால் இந்தியா ஏன் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் படை அனுப்பவில்லை?

இலங்கை கற்றுக் கொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். 2003-ல் இராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது, இங்கே ஆதரித்தவர்களும் இருந்தார்கள், ஜூலையில் வாஜ்பாய் அரசு ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று மறுத்தது. ஆப்கானிஸ்தானில் ஸரஞ்ச் முதல் தேலாராம் வரை 218 கிலோமீட்டர் சாலை, சல்மா அணை, காபூல் நாடாளுமன்றக் கட்டடம் கட்டிக் கொடுத்தோம். அந்த சாலைப் பணியில் இறந்த இந்தியர்களும் உண்டு. ஆனாலும் 2021-ல் நம்மை யாரும் அங்கிருந்து துரத்தவில்லை.

ஐ.நா. அமைதிப்படையும் இதே கதையா?

சில இடங்களில் ஆகிவிட்டது. காங்கோவில் 1999 முதல் ஐ.நா. இருக்கிறது, இந்தியா பெரிய அளவில் ஆள் அனுப்பியிருக்கிறது. மக்களைக் காக்க வந்தவர்கள் என்று சொல்லியும் கொலைகள் நிற்கவில்லை என்று மக்களுக்குக் கோபம், 2022 ஜூலையில் புடெம்போ முகாமைச் சூழ்ந்த போராட்டத்தில் நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிக்காரர்கள் கோமா நகரைப் பிடித்தபோது ஐ.நா. படை அங்கேதான் இருந்தது. அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று சொல்கிறவர்களையும் நான் மதிக்கிறேன், முகாம் வாசலில் ஒதுங்கி உயிர் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஆக, எல்லாப் படையும் உடனே போய்விட வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. எப்படிப் போகிறார்கள் என்பதிலும் மனித உயிர்கள் இருக்கின்றன. பக்ராம் முகாமை 2021 ஜூலையில் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்கள், புதிதாகப் பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கே சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள், டிரைவர்கள், பெண் நீதிபதிகள் என்று அந்தப் படையை நம்பி வெளியே வந்தவர்களுக்கு விமானத்தில் இடம் இல்லை. ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் குண்டு வெடித்து சுமார் 170 ஆப்கன் மக்களும் 13 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். நம் அரசும் அந்த வாரத்தில் ஆப்கன் மக்களுக்கு முன்பே கொடுத்திருந்த விசாக்களைச் செல்லாது என்று அறிவித்தது, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த மாணவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

போவதாக இருந்தால் முதலில் பேச வேண்டும், அந்த நாட்டு அரசையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும், உங்களுக்காக வேலை செய்தவர்களை முதல் விமானத்தில் ஏற்ற வேண்டும், பணத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

ஒரு நாட்டில் படை இன்னும் எவ்வளவு காலம் இருக்கும் என்று எப்படிக் கணிப்பது?

எத்தனை சிப்பாய்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். உள்ளூர் சிப்பாய்க்கு சம்பளம் யார் கொடுக்கிறார்கள், ஹெலிகாப்டரை யார் பழுது பார்க்கிறார்கள், இருட்டிய பிறகு தலைநகரில் இருந்து அடுத்த ஊருக்குப் பஸ் போகிறதா, நிலத் தகராறுக்கு மக்கள் அரசு நீதிமன்றத்துக்குப் போகிறார்களா கிளர்ச்சிக்காரர்களிடம் போகிறார்களா என்று பாருங்கள். சோமாலியாவில் பலர் இன்றும் அல் ஷபாப் நீதிமன்றத்துக்குத்தான் போகிறார்கள், வணிகர்கள் இரண்டு பக்கமும் வரி கட்டுகிறார்கள். அங்கே 2007-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் படை அனுப்பியபோது கொடுத்த அனுமதி 6 மாதத்துக்கு. 2022-ல் அதன் பெயரை மாற்றினார்கள், 2025 ஜனவரியில் மறுபடியும் மாற்றினார்கள். உகாண்டா சிப்பாய்கள் இன்னும் மொகாதிஷு பக்கம்தான் இருக்கிறார்கள், முதல் பட்டாலியன் போய் இறங்கியபோது பிறந்த பிள்ளைகள் இப்போது சிப்பாயாகச் சேரும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.